ஏ/எல், ஏ/பி போட்டா ஏன் சிவப்பு வருது?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு சின்ன ஆபீஸ்ல வெப் டிசைனரா இருக்கேன். க்ளையண்ட் மீட்டிங்னா கலர், லோகோ, பேனர் போட்டோ, இதுக்கே பாதி நேரம் போயிடும். ஃபார்ம் பத்தி யாரும் வாயே திறக்க மாட்டாங்க, ஆனா சைட்டுக்கு வர்ற ஆளுங்க உண்மையில கை வைக்கிற இடம் அதுதான், அதுலயும் பேரு போடுற பெட்டி எனக்கு ரொம்ப நாளா மனசுல உறுத்துது.

மலேசியத் தமிழங்க நம்ம ஐசில, அதாவது அடையாள அட்டைல, பேரு எப்படி இருக்கும்னு தெரியும்ல. சொந்தப் பேரு, நடுவுல ஏ/எல் இல்ல ஏ/பி, அப்புறம் அப்பா பேரு. மலாய்ல அனாக் லெலாக்கின்னா மகன், அனாக் பெரெம்புவான்னா மகள், அதோட சுருக்கம். குடும்பப் பேருன்னு ஒண்ணு நம்மள்ல பெரும்பாலானவங்களுக்கு கிடையாது.

ஒரு ட்யூஷன் சென்டர் சைட்டை புதுசா பண்ணித் தர வேண்டியிருந்துச்சு, பழைய ஃபார்ம்ல என்ன கோளாறுன்னு பாக்க பக்கத்து தையல் கடை ஆண்ட்டிகிட்ட போனக் குடுத்து நிரப்பச் சொன்னேன். ஐசிய எடுத்து டேபிள்ல வச்சுக்கிட்டு, ஒத்த விரலால ஒவ்வொரு எழுத்தா பாத்து பாத்து தட்டுனாங்க. பெட்டிக்குக் கீழ சிவப்பா வந்துச்சு, இந்தப் பேரு செல்லாதுன்னு. "ஏன் தம்பி, ஐசில இருக்கறதத்தானே போட்டேன், எம் பேரு செல்லாதுங்குதே?"ன்னு நிமிந்து கேட்டாங்க. எனக்கு கோவமா வந்துச்சு, அவங்க மேல இல்ல.

காரணம் சாதாரணமானது. எங்கயோ ஒரு டெவலப்பர் பேருன்னா ஏ முதல் இசட் வரைக்கும், கூட ஒரு ஸ்பேஸ், அவ்ளோதான்னு விதி எழுதியிருப்பாரு, அத காப்பி பண்ணி காப்பி பண்ணி எல்லா சைட்லயும் ஒட்டிட்டாங்க. செக்யூரிட்டிக்காகன்னு சொல்வாங்க. டேட்டாபேஸ காப்பாத்தறதுக்கு பேராமிட்டரைஸ்ட் குவெரி இருக்கு, ஆளு தட்டுறத கட்டளையோட கலக்காம வெறும் தகவலா தனியா அனுப்புற முறை, அத ஒழுங்கா எழுதினா சாய்கோடு ஒண்ணும் பண்ணாது. ஃப்ளைட் டிக்கெட் கதை வேற, அங்க பழைய புக்கிங் சிஸ்டம்ல குடும்பப் பேரையும் சொந்தப் பேரையும் பிரிக்கறதுக்கே சாய்கோடுதான், அதனால நம்ம கோடு அங்க போக முடியாது. ட்யூஷன் சென்டருக்கு என்ன வந்துச்சு?

ஆண்ட்டி கோட்ட அழிச்சாங்க, ஏபின்னு ஒட்டிப் போட்டாங்க, ஃபார்ம் சப்மிட் ஆயிடுச்சு. இப்படித்தான் ஒரே ஆளு ஒரு இடத்துல ஏ/பி, ஒரு இடத்துல ஏபி, இன்னொரு இடத்துல அதுவும் இல்லாம இருக்காங்க, அப்புறம் பேரு ஒத்துப்போகலன்னு கவுண்ட்டர்ல நிக்க வைக்கறாங்க.

ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம்னு ரெண்டு பெட்டி வைக்கறது இன்னும் மோசம். லாஸ்ட் நேம் கட்டாயம்னா அதுல அப்பா பேருதான் போகும், அப்புறம் வர்ற ஈமெயில் எல்லாம் அந்தப் பேரச் சொல்லியே கூப்பிடும். அப்பா தவறிப் போனவங்களுக்கு அது எப்படி இருக்கும்னு யாராச்சும் யோசிச்சாங்களா? இப்ப நான் ஏஐகிட்ட ஃபார்ம் கேட்டாலும் பெரும்பாலும் அதே ரெண்டு பெட்டிதான் வருது, பழைய ப்ரோகிராம்கள்ல இருந்து கத்துக்கிட்டதுதானே, நாமதான் மாத்தணும்.

தமிழ்ல பேரு போடவும் விடலாம்னு நெனைக்கிறவங்களுக்கு ஒண்ணு. யூனிகோட்ல, அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் நம்பர் குடுக்கற பட்டியல்ல, எழுத்துன்னு இருக்கறது எல்லாம் ஓகேன்னு மட்டும் விதி வச்சா பத்தாது, ஏன்னா கொம்பு, கால், புள்ளி எல்லாம் யூனிகோட் கணக்குல எழுத்து இல்ல, மார்க்னு தனி வகை. அதையும் சேத்துக்கலன்னா 'தமிழ்'ங்கற சொல்லே தேறாது. நீளத்துக்கு லிமிட் வச்சாலும் பாத்துக்கோங்க, நம்ம கண்ணுக்கு 'தமிழ்' மூணு எழுத்து, ப்ரௌசர்ல ஓடுற ஜாவாஸ்கிரிப்ட் எண்ணினா 5, சேமிக்கறப்போ யூடிஎஃப்-8ங்கற முறைல 15 பைட்.

நான் இப்ப பண்றது இதுதான்: ஒரே பெட்டி, மேல 'ஐசியில் உள்ளபடி முழுப் பேர்', கூடவே 'உங்கள எப்படி கூப்பிடலாம்'னு விருப்பம் இருந்தா நிரப்ப இன்னொண்ணு. க்ளையண்ட் ரிப்போர்ட்ல பிரிச்சு வேணும்னு அடம் பிடிப்பாங்க, எதுக்குன்னு கேட்டா முக்காவாசி பேருகிட்ட பதில் இருக்காது.

ஃபார்ம் பண்றவங்க உங்க சைட்ல ஒரு ஏ/எல் போட்டு சப்மிட் பண்ணிப் பாருங்க. சிவப்பு வரலன்னாலும் அதோட விட்றாதீங்க, ரசீது பிடிஎஃப் டவுன்லோட் ஆகுதான்னு பாருங்க, ஃபைல் பேர்ல ஆளு பேர அப்படியே போட்டிருந்தா சாய்கோட்ட ஃபோல்டர்னு எடுத்துக்கிட்டு அங்க மாட்டிக்கும்.