போர்வெல் மணலும் சொட்டுநீர்க் குழாயும்

போர்வெல்லில் மணல் வந்தால் பலரும் முதலில் செய்வது, ஸ்கிரீன் ஃபில்டரில் இன்னும் பொடிக்கண் வலையைப் போடுவது. அது சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். கழுவாமல் விட்டால் வலை கிழிந்து, சேர்ந்த மணல் அத்தனையும் லேட்டரலுக்குள், அதாவது செடி வரிசையில் ஓடும் சொட்டுக் குழாய்க்குள், போய்விடும். மணலை ஃபில்டருக்கு முன்னாலேயே பிரித்தாக வேண்டும்.

முதலில் என்ன வருகிறது என்று பாருங்கள். மோட்டார் போட்டதும் ஒரு கண்ணாடி பாட்டில், அரைமணி கழித்து இன்னொன்று பிடித்து அசைக்காமல் வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் படிந்து, விரலில் நறநறத்தால் மணல். மறுநாளும் கலங்கலாகவே நின்றால் களிமண். 75 மைக்ரான் (ஒரு மைக்ரான் மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மணல் நொடிக்கு 5 மி.மீ. இறங்கும். 10 மைக்ரான் வண்டல் ஒரு மீட்டர் இறங்க 3 மணி நேரம் ஆகும். 2 மைக்ரான் களிமண்ணுக்கு 3 நாள் போதாது.

மணலுக்கு ஹைட்ரோசைக்ளோன் என்கிற கூம்பு வடிவ மணல் பிரிப்பான்தான். தண்ணீர் சுழலும் வேகத்தில் மணல் சுவரோரம் ஒதுங்கிக் கீழே இறங்குகிறது. அதனால் ‘எதற்கும் ஒரு சைஸ் பெரிதாக’ என்ற வழக்கமான கணக்கு இங்கே கெடுதல்: பெரிய கூம்பில் தண்ணீர் மெதுவாகச் சுற்றும், மணல் பிரியாது. வோல்டேஜ் குறைந்தாலும், வயலில் சின்ன பிளாக்கை (பாசனப் பகுதியை) மட்டும் திறந்து ஓட்டினாலும் இதே கதைதான். முன்னும் பின்னும் பிரஷர் கேஜ் வைத்தால் தெரிந்துவிடும். வித்தியாசம் சதுர செ.மீ.க்கு 0.2 முதல் 0.5 கிலோ இருக்க வேண்டும். முள் இரண்டும் ஒரே இடத்தில் நின்றால் உள்ளே சுழற்சி இல்லை. மோட்டார் கிளம்பும்போதும் நிற்கும்போதும் எப்படியும் கொஞ்சம் மணல் தப்பும். அதற்காகத்தான் பின்னால் 120 மெஷ், அதாவது சுமார் 130 மைக்ரான், ஸ்கிரீன் ஃபில்டர். ஹைட்ரோசைக்ளோனின் அடித்தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு மணல் சேர்வதற்குள் திறந்துவிடுங்கள்.

வாய்க்கால், ஆற்றுத் தண்ணீருக்குப் படிவுத் தொட்டி கட்டுகிறவர்கள் ஆழமாகத் தோண்டுகிறார்கள். படிவதைத் தீர்மானிப்பது மேற்பரப்பு. ஆழம் சேறு தங்க மட்டும். நொடிக்கு 5 லிட்டர் ஓட்டத்தில் 20 மைக்ரான் வரை படிய, கணக்குப்படி 14 சதுர மீட்டர் போதும். தண்ணீர் ஒரே சீராக ஓடாது என்பதால் இரட்டிப்பாக்கி, 11 மீட்டர் நீளம், 2.7 மீட்டர் அகலம் வையுங்கள். நுழைவாயில் எதிரே ஒரு தடுப்புப் பலகை. உறிஞ்சு குழாயை மறுகோடியில் மிதவையில் கட்டி, மேல்மட்டத்துத் தண்ணீரை எடுங்கள். பாசி பிடித்தால் சாண்ட் ஃபில்டர் (மணல் நிரப்பிய வடிகட்டி) கட்டாயம். ஹைட்ரோசைக்ளோன் பாசியைத் தொடாது.

களிமண்ணை எந்த வலையும் பிடிக்காது. அது லேட்டரல் கடைசியில்தான் படியும். வாரம் ஒரு முறை மெயின் (தலைக்குழாய்), சப்மெயின் (கிளைக்குழாய்), லேட்டரல் என்ற வரிசையில் கடைசி மூடியைத் திறந்து ஃப்ளஷ் செய்யுங்கள். 16 மி.மீ. லேட்டரலின் கடைசி மூடியைக் கழற்றினால் ஒரு லிட்டர் பாட்டில் 20 நொடியில் நிரம்ப வேண்டும்; அந்த வேகம் இல்லாவிட்டால் படிந்தது கிளம்பாது. பாட்டில் நிரம்ப அதைவிட நேரமானால், ஒரே சமயத்தில் திறக்கும் மூடிகளைக் குறையுங்கள்.