கூன் மீனுக்கு என்ன விலை?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் கப்பி, சண்டை மீன் என்று அலங்கார மீன் வளர்க்கிறவர்களுக்குப் பெரிய பண்ணை எல்லாம் கிடையாது. பின்கட்டில் சில ஸ்டைரோஃபோம் பெட்டிகள், அட்டை சொருகி மறைத்த போத்தல் வரிசை, பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு மேசை, அவ்வளவுதான். ஒரு சண்டை மீன் ஜோடி ஒரே தடவையில் சில நூறு முட்டை வரை போடும். ஆண் குஞ்சுகள் ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கியதும் ஆளுக்கொரு போத்தல் வேண்டும். நேர் மீனுக்கும் ஒரு போத்தல், கூன் மீனுக்கும் ஒரு போத்தல். தீனியும் தண்ணீர் மாற்றும் வேலையும் இரண்டுக்கும் ஒன்றுதான். ‘கூனலைப் பாதி விலைக்குத் தள்ளிவிடு’ என்ற யோசனை இந்த நெருக்கடியில்தான் வருகிறது.

கப்பியில் இந்த யோசனை ரொம்ப மோசமாக முடியும். பெண் கப்பி ஒருமுறை இணைந்துவிட்டால் விந்தை மாதக்கணக்கில் உடம்பில் சேர்த்துவைத்து, ஏறக்குறைய நாலு வாரத்துக்கு ஒரு தடவை குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு வெள்ளி கொடுத்து வாங்கிப் போகும் பையன் வீட்டுக்குக் கொண்டுபோவது ஒரு மீனை அல்ல, ஒரு பரம்பரையை. நாம் கழிக்க, அதாவது ஒதுக்கிக் கொல்ல, மறுத்ததை அவன் கழிக்க வேண்டிவரும். அவனுக்கு அது தெரியாது. விற்றே ஆக வேண்டுமென்றால் ஆண் மீனை மட்டும், குறையைச் சொல்லி, ‘ஜோடி போடாதே, தனியாக வை’ என்று சொல்லிக் கொடுக்கலாம். நீந்தவும் தின்னவும் சிரமப்படாத மீனுக்குத்தான் இதுவும். வால் கொஞ்சம் கோணல், ஒரு துடுப்பு குட்டை என்றால் பரவாயில்லை. தலை கீழாகவே தொங்குகிற மீனைப் பையில் கட்டுவது வியாபாரமே அல்ல.

கழிப்பதற்கு முன்னால் குறை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். எல்லாக் கூனலும் பரம்பரையால் வருவதில்லை. பல இன மீன்களில் குஞ்சு நீந்தத் தொடங்கும் நாட்களில் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கித்தான் மிதக்க உதவும் காற்றுப்பையை நிரப்புகிறது. தண்ணீர்மேல் எண்ணெய்ப் படலம் இருந்தால் அது முடியாது. அடியிலேயே தவழும், பிறகு முதுகும் வளையும். ஒரு தாள் துண்டை மேற்பரப்பில் பரப்பி இழுத்தாலே அந்தப் படலம் போய்விடும். தீனியிலும் சிக்கல் உண்டு. கிலோ கணக்கில் வாங்கிப் பிளாஸ்டிக் பையில் கட்டி, நம் ஊர்ப் புழுக்கத்தில் திறந்தே வைக்கும் தீனியில் வைட்டமின் சி வேகமாக அழியும். அது குறைந்தால் வளரும் முதுகெலும்பு கோணும். சின்னப் பொட்டலமாக வாங்கி ஐஸ் பெட்டியில் வைப்பது மலிவான வைத்தியம்.

ஒரே ஜோடியின் குஞ்சுகளில் நாலில் ஒன்று என்ற அளவில் கூனல் வந்தால், தாயும் தகப்பனும் வெளியில் தெரியாமல் அந்தக் குறையைச் சுமக்கிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும். குஞ்சுகளை எத்தனை தடவை கழித்தாலும் அந்த ஜோடி இருக்கும்வரை வேலை தீராது. நிறம் அழகாக இருக்கிறதென்று அண்ணன் தங்கையையே தலைமுறை தலைமுறையாக இணைப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

நேராக வளர்ந்து, பெரிதான பிறகு மெலிந்து வளையும் மீன் வேறு கதை. அது மீன் காசநோயாக இருக்கலாம். அந்தக் கிருமி கைக் காயம் வழியாக மனிதருக்கும் ஏறி, மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வைக்கும். கையுறை போடுங்கள், அந்த மீனை விற்கவும் வேண்டாம், அரோவானாவுக்குத் தீனியாகப் போடவும் வேண்டாம். நோயில்லாத சின்னக் குஞ்சைப் பெரிய மீன் ஒரே வாயில் விழுங்குவதைக் குறை சொல்ல மாட்டேன். கடித்துக் கடித்து விளையாடும் பிளவர்ஹார்னிடம் போடுவது வேறு.

கூன் மீனை லோங்காங்கில், அதாவது சாக்கடையில், ஊற்றுவதுதான் ஊர் வழக்கம். கொன்ற பாவம் வேண்டாம் என்கிறார்கள். அங்கே மீன் மெதுவாகச் செத்தாலும் கொடுமை, பிழைத்துப் பெருகினாலும் கெடுதல். நம் ஆறுகளில் பண்டாராயா என்கிற உறிஞ்சுவாய்க் கெளுத்தி மீன் நிறைந்தது மீன் தொட்டிகளிலிருந்து வெளியே விட்டதால்தான்.

வலி குறைவான வழி கிராம்பு எண்ணெய். மெந்தால் கலந்த வலித் தைலம் உதவாது, சுத்த எண்ணெய் வேண்டும். அது தண்ணீரில் அப்படியே கலக்காது, தனியாகப் பிரிந்து நிற்கும். ஒரு சின்னப் போத்தலில் வெதுவெதுப்பான நீரோடு வெள்ளையாகும்வரை குலுக்க வேண்டும். மீன் இருந்த தண்ணீரையே ஒரு லிட்டர் எடுத்து, முதலில் ஒரு சொட்டு எண்ணெய் குலுக்கிய கலவையை ஊற்றுங்கள். மீன் சாய்ந்து அசைவு அடங்கியதும் இன்னும் 10 சொட்டு எண்ணெய், அதாவது சுமார் அரை மில்லி எண்ணெய், குலுக்கிய கலவையை ஊற்றுங்கள். செவுள் நின்றுவிட்டது என்று உடனே எடுப்பதுதான் பலர் செய்யும் தப்பு. நல்ல தண்ணீர் பட்டால் திரும்ப மூச்சு வரும். செவுள் நின்ற பிறகும் 10 நிமிடமாவது கிடக்கட்டும். அரை மணி நேரம் விட்டால் சந்தேகமே இல்லை. பிறகு புதைத்துவிடலாம், அந்த எண்ணெய் ஏறிய மீனை எதற்கும் தீனியாக்கக் கூடாது. ஃப்ரீசரில் உயிரோடு வைப்பது, கழிவறையில் ஊற்றுவது, இரண்டும் வேண்டாம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கப்பிக்குக் கூன் விழுந்தால் ரிஜெக்ட். முதுகெலும்பு சுருங்கிய மோலிக்கு ‘பலூன்’ என்று பெயர் வைத்து அதிக விலை. வாயை முழுசாக மூட முடியாத பேரட் மீன் கடைக்குக் கடை நீந்துகிறது. குறையை ரகமாக்கி விற்கும் தவ்கே (கடை முதலாளி), நம் பசார் மேசையில் கோணல் மீனைப் பார்த்து முகம் சுளிப்பார்! மீனுக்கு அந்த முதுகோடு நீந்துவது சுலபமா என்று இரண்டு இடத்திலும் யாரும் கேட்பதில்லை.

கழிக்கும் எண்ணிக்கையைக் குறைக்க வழி கப்பிக்குச் சுலபம். மூணு நாலு வாரத்தில், ஆணின் அடித்துடுப்பு குச்சிபோல் ஒடுங்கத் தொடங்கும் முன்பே பெண் குட்டிகளைப் பிரித்துவிட வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் மாஸ்கிங் டேப் ஒட்டித் தாய், தகப்பன், பிறந்த தேதி, கூனல் எத்தனை என்று எழுதுங்கள். தீனியும் தண்ணீரும் சரியாக இருந்தும் இரண்டாவது ஈற்றிலும் அதே கூனல் வந்தால், ஆண் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைத் தனிப் போத்தலுக்கு மாற்றுங்கள். பெண்ணையும் மறுபடி ஜோடி போட வேண்டாம். விந்து சேர்த்துவைத்திருக்கும் அந்தப் பெண் அடுத்த சில மாதம் போடும் குட்டிகளையும் அதே கணக்கில்தான் எழுத வேண்டும்.