கல்யாணப் பத்திரிகை கேட்கும் வக்கீல்

சொத்து வக்கீல் என்றால் தினமும் கோர்ட்டில் நின்று வாதாடுவதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். நான் கோர்ட் படி ஏறியதே குறைவு. சென்னை ஓஎம்ஆர் பக்கம் அலுவலகம் கட்ட நிலம் வாங்குகிற கம்பெனிகளுக்கும், அதன்மேல் கடன் கொடுக்கிற வங்கிகளுக்கும் லீகல் ஒப்பீனியன், அதாவது விற்பவருக்கு அந்த நிலத்தில் முழு உரிமை உண்டா என்ற சட்டக் கருத்து, எழுதுவதுதான் பிழைப்பு. லீஸ் பத்திரங்களும் வரும், ஆனால் அதில் லாக்-இன் காலம், அட்வான்ஸ், மெயின்டனன்ஸ் என்று பேரம் பேசுவதுதான் பாதி வேலை. நிலத்தின் கதை அப்படி இல்லை.

நாவலூர், படூர் பக்கம் இன்று கண்ணாடிக் கட்டடம் நிற்கிற இடங்களில் பல, முன்பு யாரோ ஒரு குடும்பத்தின் வயல். தாய்ப்பத்திரத்திலிருந்து படித்துக்கொண்டே வந்தால், 1996 வாக்கில் அப்பாவும் மகன்களும் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்ற ஒரு கிரயப் பத்திரம் வந்து நிற்கும். வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கும், பட்டா மாறியிருக்கும், வாங்குகிறவருக்கும் அவசரம். நான் கேட்பது, வீட்டில் பெண் பிள்ளைகள் உண்டா, எப்போது கல்யாணம் ஆனது? ஏனென்றால் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் அமலான திருத்தம், அந்தத் தேதிக்கு முன் கல்யாணமாகாத மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே பிறப்பால் பங்கு கொடுத்துவிட்டது. ஆகவே பல கோடி ரூபாய் டீலுக்கு நடுவில் ஒரு பாட்டியின் பழைய கல்யாணப் பத்திரிகையைத் தேடச் சொல்வேன். பெங்களூரிலிருந்து போனில் பேசுகிற கம்பெனி அதிகாரி சில நொடி பேசாமல் இருப்பார்.

2005இல் மத்தியச் சட்டமே மாறி, கல்யாணமான மகள்களுக்கும் அதே பங்கு வந்தது. அப்பா அது அமலான செப்டம்பர் 9 அன்று உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்பதில் குழப்பம். இருக்க வேண்டும் என்று 2015இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் தேவையில்லை என்றது. முந்தைய தீர்ப்பை நம்பி எழுதிய ஒப்பீனியன்களையெல்லாம் மறுபடி எடுத்துப் பார்த்தோம், ஆபீசில் அந்த மாதம் வேறு பேச்சே இல்லை.

இப்போது வில்லங்கம் ஆன்லைனில் வருகிறது, ஜூனியர்கள் அரைமணியில் எடுத்து நீட்டுகிறார்கள். ஆனால் பதிவானது மட்டும்தானே அதில் தெரியும்? அந்த வீட்டில் ஒரு அக்கா இருக்கிறாரா என்பது தெரியாது. ஊர்ப்பக்கம் போய் விசாரித்தால் டீக்கடைக்காரரே சொல்லிவிடுவார்.

அக்காவைக் கண்டுபிடித்தபின், அவர் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் விடுதலைப் பத்திரம். தம்பிகள், "அவங்களுக்கு நாங்க பாத்துக்கிறோம் சார், கையெழுத்து மட்டும் வாங்கிடுங்க" என்பார்கள். நான் வாங்குபவரின் வக்கீல்தான், இருந்தாலும் அந்தப் பணம் அந்த அம்மா பெயருக்கே டிடியாகப் போக வேண்டும், அதன் எண் பத்திரத்தில் வர வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பேன். தர்மத்துக்காக மட்டும் இல்லை. அவர் கைக்குப் பணம் போகாவிட்டால், ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்று ஒருநாள் பாகப்பிரிவினை வழக்கு வரும், அப்போது அந்த இடத்தில் பத்து மாடி நிற்கும்.