ஏற்காட்டுச் சோலையின் குளிரை வரைபடமாக்கினோம்

ஏற்காட்டில் நண்பரின் காபி எஸ்டேட்டுக்குள் ஒரு துண்டுச் சோலை மிஞ்சியிருக்கிறது. அதன் ஓரத்தில் மரம் போன இடங்களில் நாட்டு மரக்கன்றுகளை நட வேண்டும். எந்தக் கன்று எங்கே பிழைக்கும் என்று முடிவு செய்ய அந்தந்த இடத்தின் வெப்பம் தெரிய வேண்டும். பொதுவில் கிடைக்கும் காலநிலை வரைபடங்களில் ஒரு கட்டமே சுமார் 1 கிலோமீட்டர். எங்கள் சோலை அதில் காணாமலே போய்விடும். அதனால்தான் டிரோனை எடுத்தோம்.

டிரோனுக்குப் பதிவு எண் இருந்தது. டிரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் எஸ்டேட் பச்சை மண்டலம், 400 அடி வரை பறக்கலாம். காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும் என்பதால் பட்டா நிலத்தோடு நின்றுகொண்டோம்.

மலையில் பறக்கவிடுவதுதான் சிரமம். டிரோன் காட்டும் உயரம் அது கிளம்பிய இடத்திலிருந்து கணக்கு. மேட்டுப் பக்கம் போகப் போக சில்வர் ஓக் நிழல் மரங்களின் உச்சி கிட்டே வந்துவிடும். நிலத்தின் ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி பாதை போடாமல் பறக்கவிடவே கூடாது. மூடுபனியில் டிரோனில் இருக்கும் வெப்பக் கேமராவும் குருடுதான், கலையும்வரை காத்திருந்தோம்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வெப்பக் கேமரா அளப்பது மேலே தெரியும் இலையின் சூட்டை. கன்று வளரப்போவது அதற்கடியில், முழங்கால் உயரத்துக் காற்றில். இரண்டும் ஒன்றல்ல. அதனால் வெப்பப் பதிவுக் கருவிகளை வெயில் நேராகப் படாதபடி மறைப்பு வைத்துத் தரையருகே கட்டினோம். எஸ்டேட் மேஸ்திரிதான் இடம் காட்டினார். "தம்பி, இந்தப் பள்ளத்துல ராத்திரி குளிர் அப்படியே தங்கும்" என்றார். பதிவிலும் அது அப்படியே வந்தது. குளிர்ந்த காற்று கனம் கூடுதல், சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும்.

அப்புறம் டிரோன் படங்களிலிருந்து மர உயரம், சரிவு, சரிவின் திசை மூன்றையும் எடுத்து, கருவிகளின் பதிவோடு பொருத்தினோம். கருவி இல்லாத இடங்களுக்கும் வெப்பத்தைக் கணிக்க முடிந்தது. அந்த வரைபடத்தில் பிற்பகல் வெயில் அடிக்கும் மேற்குச் சரிவும் சோலையின் ஓரமும் சூடான இடங்களாக, சிவப்பாக வந்தன. நிழல் குறைந்த காபிப் பாத்திகளும் அதில் தெரிந்தது நண்பருக்குப் பெரிய உதவி. காபிச் செடியைத் தாக்கும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு வெயில் படும் அரபிகா வகைத் தண்டுகளைத்தான் தேடிப் போகும்.

கருவிகளைக் கழற்றவில்லை. பங்குனி, சித்திரை வெயிலும் பதிவாகட்டும், அதன் பிறகே மேற்குச் சரிவுக்கான கன்றுகளை முடிவு செய்வோம்.