ஒன்பதாவது கொண்டை ஊசியில் கால் நின்றது

நவம்பரில் சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏரி வரை சைக்கிளில் ஏற எனக்கு 1 மணி 38 நிமிடம் ஆனது. ஜனவரி கடைசியில் அதே பாதை, 1 மணி 47 நிமிடம். நடுவில் பத்து வாரம், வாரத்துக்கு ஆறு நாள் விடாமல் மிதித்திருக்கிறேன். 46 வயதில் அவ்வளவு உழைத்துவிட்டு ஒன்பது நிமிடம் பின்னால் போனால் எப்படி இருக்கும்!

மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். அன்று ஒன்பதாவதிலேயே தொடை கல்லாகிவிட்டது. வழக்கமாக அந்த ஏற்றத்தில் 165-ஐத் தொடும் இதயத் துடிப்பு 148-ஐத் தாண்டவே இல்லை. துடிப்பை அளக்கும் நெஞ்சுப் பட்டையில் பேட்டரி போயிருக்கும் என்று புதிது வாங்கிப் போட்டேன். பட்டையில் கோளாறு இல்லை, என்னிடம்தான். களைப்பு ஏறிப்போன உடம்பில் துடிப்பு சில நேரம் மேலே ஏற மறுக்கும் என்பது அப்போது தெரியாது. காலையில் எழுவதற்கு முன் படுத்தபடியே நாடி எண்ணினால் 62, 63. முன்பு 54 தான். "வண்டி எடுக்காத அன்னிக்குத்தான் நீங்க மனுஷன் மாதிரி பேசறீங்க" என்று மனைவி சொன்னது தனி.

பத்து நாள் வண்டியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் கால் நமநமத்தது. சும்மா இருக்க முடியாமல் பரணைச் சுத்தம் செய்தேன். மறுநாள் மறுபடி அதே கனம். ஓய்வு என்றால் ஓய்வு, பரண் அதில் சேராது. எட்டாம் நாள் நாடி 55-க்கு வந்தது.

அப்புறம் கணக்கை மாற்றினேன். கடினமாக இரண்டு நாள்தான். செவ்வாய் அன்று அடிவார ஏற்றத்தில் எட்டு நிமிட முழு வேகம், நான்கு முறை. ஞாயிறு முழு மலை. வியாழன், சனி மூக்கனேரிப் பக்கம் முக்கால் மணி நேரம், துடிப்பு 125-க்குள். மற்ற நாள் ஒன்றும் இல்லை. நான்காவது வாரம் எல்லாமே பாதி. மிதிக்கும்போது தசை நையத்தான் செய்யும், அது சரியாவதும் பலம் கூடுவதும் அதற்குப் பிறகுதான். இதைப் பத்து வருடமாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மலையை விட 125-க்குள் ஓட்டுவதுதான் கஷ்டம். முதல் வியாழனே, கேரியரில் கீரைக்கட்டு அடுக்கிய பழைய சைக்கிளில் ஒரு பெரியவர் என்னைத் தாண்டிப் போனார். போகிற போக்கில் என் ஹெல்மெட்டையும் இறுக்கமான கால்சட்டையையும் ஒரு பார்வை பார்த்தார். மானம் போய் விரட்டினேன், 151. போகட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டு, தட்டுவடை செட் சாப்பிட்டு வீடு திரும்பினேன்.

ஏப்ரல் முதல் ஞாயிறு: 1 மணி 33 நிமிடம். ஒன்பதாவது வளைவில் 166.

இது நான்காவது வாரம். காலை நாடி 53. மலை அழைக்கிறது, சரி, செயினை மட்டும் துடைத்து எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன்.