கில்பெக்கின் சிவப்புக்கல் தேவாலயம்

இங்கிலாந்தில் ஹெரிஃபோர்டு நகரத்துக்குத் தென்மேற்கே, வேல்ஸ் எல்லையிலிருந்து சில மைல் தூரத்தில் இருக்கிறது கில்பெக். புல்வெளிகளும் கொஞ்சம் வீடுகளும்தான் ஊர். இந்தச் சின்ன ஊரைத் தேடி நான் போனதற்குக் காரணம் அதன் தேவாலயம்.

புனித மேரி, புனித டேவிட் இருவர் பெயரிலும் உள்ள இந்தத் தேவாலயத்தை 1140 வாக்கில் நார்மன் பிரபு கில்பெக்கின் ஹ்யூ கட்டினார். போனதும் உள்ளே நுழைந்துவிடாதீர்கள். முதலில் வெளியே ஒரு சுற்று நிதானமாக நடந்து வாருங்கள். கூரை விளிம்புக்குக் கீழே வரிசையாகத் துருத்திக்கொண்டிருக்கும் கற்களில் 85 மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் விதவிதமான உருவங்கள். ஒரு கல்லில் நாயும் முயலும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. வேட்டை நாய், அதன் இரை, ஆனால் இரண்டின் முகத்திலும் அப்படியொரு சாந்தம்! எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இன்னொன்றில் ஒருவன் நரம்பு வாத்தியம் வாசிக்கிறான். கிறிஸ்துவின் அடையாளமான, சிலுவை ஏந்திய ஆட்டுக்குட்டி இருக்கும் அதே வரிசையில், தன் பிறப்புறுப்பை இரு கைகளாலும் விரித்துக் காட்டும் பெண்ணும் இருக்கிறாள். ஷீலா நா கிக் என்பார்கள். காமத்துக்கு எதிரான எச்சரிக்கை என்று சிலர் சொல்கிறார்கள், பிள்ளைப்பேற்றின் அடையாளம் என்று வேறு சிலர். எதுவானாலும், வழிபட வந்த தலைமுறைகள் அவளை அங்கேயே விட்டுவைத்தது பெரிய விஷயம்.

தெற்கு வாசலில் மட்டும் வெகுநேரம் நின்றேன். மேலே அரைவட்டக் கல்லில் படரும் செடிக்கொடி ஒன்று. பக்கத் தூண்களில் பாம்புகள், கொடிகளுக்கு நடுவே தொளதொள கால்சட்டை போட்ட வீரர்கள், வாயிலிருந்து இலைக்கொடி வழியும் ஒரு முகம். ஏறக்குறைய 900 வருடம் ஆகியும் கோடுகள் மழுங்கவில்லை. அவ்வளவு உறுதியான மணற்கல்.

உள்ளே, பலிபீடப் பகுதிக்குப் போகும் வளைவின் இருபுறமும் புனிதர்கள் ஒருவர் மேல் ஒருவராக நிற்கிறார்கள். அப்புறம் மேற்குப் பக்கம் போனால் பழைய கோட்டை மேடு. உச்சியில் இடிந்த சுவர்த் துண்டுகள்தான் பாக்கி. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1640களில், கோட்டையைத் தகர்த்துவிட்டார்கள். தேவாலயத்தின் வடகிழக்கே இடைக்கால ஊர் இருந்த இடமும் இப்போது மேடும் பள்ளமுமான புல்தரைதான்.

நேரம் இருந்தால் இதே மாவட்டத்தின் வடக்கே இருக்கும் ஷாப்டனுக்கும் போங்கள். கில்பெக்கில் செதுக்கிய அதே பாணிச் சிற்பிகளின் வேலை அங்கேயும் இருந்தது. 1750களில் பழைய தேவாலயத்தை இடித்து, அதன் செதுக்கு வளைவுகளைப் பூங்காவில் அலங்காரமாக நட்டுவைத்தார்கள். மழையும் பனியும் அரித்து, உருவங்கள் இன்று பெரும்பாலும் கரைந்துபோயின. ஷாப்டனை முதலில் பார்த்துவிட்டுக் கில்பெக்குக்கு வருவதுதான் நல்லது. இங்கே எவ்வளவு தப்பிப் பிழைத்திருக்கிறது என்பது அப்போது நன்றாகத் தெரியும்.