அப்பா இல்லாத முதல் வெள்ளியங்கிரி

பூண்டி அடிவாரக் கோயிலில் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு, "பேரு, நட்சத்திரம் சொல்லுங்க" என்றார் குருக்கள். எங்கள் வீட்டில் எப்போதும் அப்பா பெயர்தான் முதலில். மூல நட்சத்திரம். அப்புறம் அம்மா, அப்புறம் நான். அன்றைக்கும் வாய் தானாக "மூலம்" என்று ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் நின்ற அம்மா என் முழங்கையைப் பிடித்தார்கள்.

"உம் பேரச் சொல்லு கண்ணு."

சொன்னேன். குரல் சரியாக வரவில்லை. குருக்கள் புரிந்துகொண்டார் போல, மறுபடி கேட்கவில்லை.

அப்பா போனது முந்தின வருடம் தை மாதத்தில். வருஷத் திதி கழியும்வரை மலை ஏறக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னதால் ஒரு வருடம் விட்டுப்போயிற்று. வெள்ளியங்கிரிப் பாதையை வனத்துறை பிப்ரவரியிலிருந்து மே வரைதான் திறந்துவிடும். இந்த முறை மாசி முடிவதற்குள் நானும் அம்மாவும் திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பிவிட்டோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் அடிவாரத்தோடு சரி. மனோன்மணி அம்மன் சன்னதிப் பக்கம் துண்டு விரித்து உட்கார்ந்துகொண்டார்கள். அப்பாவோடு வந்தபோதும் அப்படித்தான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ரிக் வண்டி பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. லாரி மேல் ஏற்றிய போர்வெல் இயந்திரத்தோடு எங்கள் ஊர் ஆட்கள் போகாத மாநிலம் குறைவு. அப்பா 17 வயதில் ஹெல்ப்பராக ஏறியவர். பிறகு டிரில்லர், கடைசியில் ஒரு வண்டியில் பங்கு. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று வருடத்தில் ஏழெட்டு மாதம் வெளியிலேயே இருப்பார். இந்தியை டீக்கடைகளில் கற்றுக்கொண்டார். வேலை போகிற திசையில் எந்த சிவன் கோயில் இருந்தாலும் அங்கே போயாக வேண்டும் அவருக்கு. உஜ்ஜைன் மகாகாளேஸ்வரருக்கு விடியற்காலையில் நடக்கும் பஸ்ம ஆரத்தியைப் பார்க்க ராத்திரி முழுக்க நின்றிருக்கிறார். ஓங்காரேஸ்வரில் நர்மதையில் முங்கி எடுத்த கல் ஒன்று இன்றும் எங்கள் பூஜை அறையில் இருக்கிறது. கோழி முட்டை அளவுதான், நல்ல கனம்.

குழி போட்டுத் தண்ணீர் வராவிட்டால் அந்த விவசாயியிடம் டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். பங்குக்காரர்களோடு அவருக்கு நடந்த சண்டையெல்லாம் இதனால்தான். அம்மாவின் வளையல் இரண்டு முறை அடகுக்குப் போனதும் இதனால்தான். ஆனால் எங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஊர் திரும்பும்போது புருவமெல்லாம் பாறை மாவு வெள்ளையாக ஒட்டியிருக்க, பையில் எனக்கொரு சட்டையோ அம்மாவுக்கொரு சேலையோ இல்லாமல் வந்ததே இல்லை. எங்கே இருந்தாலும் மாசியில் வீட்டுக்கு வந்துவிடுவார், இந்த மலைக்காக.

அவரோடு ஒன்பது வருடம் ஏறியிருக்கிறேன். ஏழாவது மலையில் ஒருமுறைகூட சூரிய உதயம் பார்த்ததில்லை.

காரணம் அவருடைய தோள்பைதான். சுக்கு, கருப்பட்டி, எலுமிச்சம்பழம், நீலகிரித் தைலம் எல்லாம் அதில் இருக்கும். வழியில் யார் உட்கார்ந்திருந்தாலும் இவரும் உட்கார்ந்துவிடுவார். ஒரு வருடம், செங்குத்தாக ஏறும் முதல் மலைப் படியிலேயே சேலத்துப் பையன் ஒருவனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அவன் காலைத் தன் மடியில் தூக்கிவைத்துத் தைலம் தேய்த்து, பெருவிரலைப் பிடித்து மெதுவாக இழுத்துவிட்டு, அவன் எழுந்து நடந்த பிறகுதான் கிளம்பினார். அதற்கே முக்கால் மணி நேரம் போயிற்று. எனக்கு ஆத்திரம்.

"நாம சாமி பாக்க வந்தமாப்பா, வைத்தியம் பாக்க வந்தமா?"

"மேல இருக்கறவரு எங்கயும் போயிர மாட்டாரு, கண்ணு."

இந்த முறை இரவு பத்து மணிக்குப் படியில் கால் வைத்தேன். தோளில் அப்பாவின் பை, கையில் அவருடைய மூங்கில் தடி. அடிவாரத்தில் எல்லோரும் வருடா வருடம் புதுத் தடி வாங்குவார்கள். அப்பா பழைய தடிக்கே ரிக் ஒர்க்‌ஷாப்பில் இரும்புப் பூண் போட்டு வைத்திருந்தார். கல்லில் ஊன்றினால் டக், டக் என்று கேட்கும். இருட்டில் அவர் எனக்கு முன்னால் போகிறார் என்பதை அந்தச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன். இப்போது அது என் கைக்குக் கீழேயே கேட்டது. வெள்ளை விநாயகர் கோயில் வருவதற்குள் இரண்டு முறை நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் நிற்கவில்லை. "அரோகரா" சொல்லிக்கொண்டு, உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டித் தாண்டி ஏறினேன்.

பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை, சீதைவனம் எல்லாம் இருட்டிலேயே கடந்து போயின. மேலே காற்று ஆளைத் தள்ளியது. ஆறாவது மலையில் ஆண்டிச் சுனைத் தண்ணீரைத் தலையில் ஊற்றியபோது மூச்சே நின்று வந்தது. உடம்பு நடுங்க நின்றபோதுதான் ஒன்று தோன்றியது. இந்த மலைத் தண்ணீர்தான் நொய்யலாகிக் கோவையையும் திருப்பூரையும் கடந்து போகிறது. கொடுமுடிக்குக் கீழே, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. அப்பாவின் அஸ்தியைக் கரைத்தது பவானி கூடுதுறையில். காவிரியோடு போன அவர் நொய்யல் சேரும் அந்த இடத்தைத் தாண்டித்தானே போயிருக்க வேண்டும்! அவர் வருடா வருடம் குளித்த தண்ணீர் வழியில் வந்து அவரோடு கலந்திருக்கும். இன்னொரு சொம்பு மொண்டு ஊற்றிக்கொண்டேன். அதில் குளிர் தெரியவில்லை.

ஏழாவது மலையில், ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும் பெரும்பாறைகளுக்கு நடுவே சுயம்பு லிங்கம். எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் ஏற்றினேன். எதுவும் கேட்கத் தோன்றவில்லை. "அப்பாவப் பாத்துக்குங்க சாமி" என்று மட்டும் சொன்னேன்.

வெளியே வந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. கீழே மேகம் பஞ்சுப் பொதியாகக் கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம், கோவைச் சமவெளி இருக்க வேண்டிய இடத்திலிருந்து, பழுத்த செவ்வாழை நிறத்தில் ஒரு கீற்று எழும்பி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழு வட்டமானது. நூறு பேராவது ஒரே குரலில் "நமசிவாய" என்றார்கள். ஒன்பது வருடம் ஏங்கிய காட்சி அது. நன்றாகப் பார்த்தேன்.

இறங்கி வந்தபோது உச்சி வெயில். அம்மா தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தார்கள்.

"சூரியன் பாத்தியா?"

மேகத்தையும் அந்த நிறத்தையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அவரும் இப்படியேதான் சொன்னாரு" என்றார்கள்.

"அப்பா பாத்திருக்காரா?"

"எங்க கண்ணாலத்துக்கு முந்தின வருஷம். அப்பத்தான் தனியா ஏறுனாரு. அதுக்கப்பறம் பாக்கவே இல்லயே."

தடியை வாங்கி, பூணில் ஒட்டியிருந்த வெள்ளை மண்ணை முந்தானையால் துடைத்தார்கள். பிறகு தோள்பையைத் திறந்தார்கள். கருப்பட்டி பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. தைலப் பாட்டிலின் சீல் உடைபடவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. படிக்கட்டு முடியும் இடத்தில், இறங்கி வந்த பெரியவர் ஒருவர் தூணில் சாய்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். அம்மா பாட்டிலை என் கையில் வைத்து அந்தப் பக்கம் பார்த்தார்கள்.

சோற்றுக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தேன்.